தம்பியின் இடது கையைப் பார்க்கப் போனேன்

கனடாவுக்கு என்ன நோக்கத்துக்காக வந்தீர்கள் என்று குடிவரவு அதிகாரி கேட்டார். என் தம்பியின் இடது கையைப் பார்க்க வந்தேன் என்றேன். முப்பத்தினாலு வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது என் பழக்கம். அவர் கடவுச்சீட்டிலிருந்து தலையைத் தூக்கி, அப்படியென்றால் மற்றக் கையைப் பார்க்கிற எண்ணமில்லையா என்று கேட்டார். நேரம் கிடைத்தால் அதையும் பார்ப்பேன் என்றேன். சிரிக்காமல் முத்திரை குத்தி விட்டுவிட்டார். பெட்டிக்குள் இருந்த ஆறு கிலோ கறித்தூளைப் பற்றி ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை.

தம்பி நேசனுக்கு ஐம்பத்தெட்டு வயது. புளூஸும் ஜாஸ் ஃபியூஷனும் வாசிக்கிற கிற்றார்க்காரன். ரொறன்ரோவில் முப்பது வருடத்துக்கு மேலாக அதுதான் அவனுக்குத் தொழில். ஊரில் ஆராவது விசாரித்தால் ‘எலெக்ரோனிக்ஸ் சம்பந்தமான வேலை’ என்று சொல்லி வைத்திருந்தோம். கிற்றாரிலும் வயர் இருக்கிறதுதானே. போன வருடம் மாசி மாதம் குப்பை வாளியை வீதிக்கு உருட்டிக்கொண்டு போனவன் ஐஸில் சறுக்கி விழுந்தான். இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். கிற்றாரில் கம்பியை அழுத்துகிற கை அதுதான். பதினாலு மாதம் மேடை ஏறவில்லை. குழுவில் அவனுடைய இடத்தில் வேறொருவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

பங்குனியில் ஒருநாள் போன் எடுத்தான். வாற மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத் திரும்ப ஏறப்போகிறான் என்றான். 

“அக்கா, அண்டைக்குக் கை விட்டுதெண்டால் இதோட விடுறன். இனி ஏற மாட்டன்.”

நான் விசாவுக்கு ஓடியது அந்த ஒரு வசனத்தால்தான். அவன் இருக்கிறது ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில், புதிதாய்க் கட்டின வீடு. சித்திரை மாதம் எங்கள் யாழ்ப்பாணத்தில் தார் உருகும். இங்கே கோதாரி விழுந்த குளிர் மூக்கு நுனியைப் பிடித்து ஆட்டுகிறது. எயார்போட்டிலிருந்து வீட்டுக்கு வரும்வரைக்கும் ஒற்றைக் கையால்தான் கார் ஓட்டினான். இடது கை ஜக்கற் பொக்கற்றுக்குள். காட்டடா என்றேன். வீட்டில காட்டுறன் என்றான். வீட்டிலும் காட்டவில்லை.

பின்னேரம் கால் ஆற நடக்கலாமென்று வெளிக்கிட்டேன். அந்த ஊரில் வீடுகளெல்லாம் ஒரே அச்சு. ஒரே கதவு, ஒரே கராஜ், ஒரே சாம்பல் நிறம். திரும்பி வந்து கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. கைப்பிடியைப் போட்டு ஆட்டினேன். பனியனோடு ஒரு சீன மனிதர் திறந்தார். என்னையும் என் சீலையையும் பார்த்துவிட்டு, ஒரு சொல் கேட்காமல், ஐந்தாவது வீட்டைக் கையால் காட்டினார். நான் முதலாவது ஆளில்லைப் போல.

புதன்கிழமை கைப்பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் கூட்டிக்கொண்டு போனான். அங்கேதான் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் பூரான் ஊர்ந்ததுபோல ஒரு தழும்பு. மோதிர விரலும் சின்ன விரலும் மற்ற விரல்களுக்குப் பின்னால் பஞ்சிப்பட்டுக்கொண்டு வந்தன. அந்தப் பெண் ஒரு சட்டிக்குள் மெழுகை உருக்கி வைத்திருந்தாள். அதற்குள் கையைத் தோய்த்துத் தோய்த்து எடுக்க, அது வெள்ளைக் கையுறை மாதிரிப் படிந்தது. பத்து நிமிடம் சூடு பிடித்தால் விரல் இளகும் என்றாள். இளகின கை இருபது இருபத்தைந்து நிமிடம் சொல்வழி கேட்கும். பிறகு இறுகும். குளிர் பட்டால் அதற்கு முதலே இறுகும். திரும்பப் பத்து நிமிடம் சூடு காட்டி ஆறவிட்டால் சரி. அவ்வளவுதான் கணக்கு.

அப்ப பேந்தென்ன, இருபது நிமிடத்துக்கொருக்கால் இடைவேளை விட வேண்டியதுதானே என்று கேட்டேன். நேசன் காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினான். நாலாவது உருப்படியோடு ஆர் இடைவேளை விடுகிறார்கள், விட்டால் சபைக்கும் விளங்கும், குழுவுக்கும் விளங்கும் என்றான். முதல் பாதியை முழுசாக, முக்கால் மணித்தியாலம், வாசித்தே தீருவானாம். சின்ன வயதிலிருந்தே இந்தப் பிடிவாதம். என்னுடையதுதான், அப்படியே அவனுக்கும் வந்திருக்கிறது.

அவனுடைய வீட்டு நிலவறையில் சுவர் முழுக்கப் படங்கள். அவனுடைய தொழிலை முதன்முதலாக நான் வரிசையாகப் பார்த்தது அங்கேதான். இருபத்தொரு வயதில் அகதியாக வந்து தொழிற்சாலையில் நின்றது. வேலை முடிய, ஆரும் ஏறி வாசிக்கலாம் என்கிற மதுச்சாலைகளுக்குப் போய், இங்கிலிஷ் ஒழுங்காக வராமலே கிற்றாரால் கதைத்தது. ஒரு புளூஸ் குழுவில் ஆள் வராத நாளில் ஏறி, பிறகு இறங்காமலே நின்றது. மிருதங்கக் கணக்கைக் கிற்றாரில் போட்டுத் தானே ஒரு ஃபியூஷன் குழு தொடங்கியது. இரண்டு இசைத்தட்டு. ஒரு வானில் நாலு பேரும் வாத்தியங்களுமாகக் கனடாவின் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்குப் போனது. ஒரு பனிப்புயல் நாளில் பதினொரு பேருக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் வாசித்தானாம். அதிலே மூன்று பேர் பனிக்கு ஒதுங்கினவர்கள் என்று சொல்லிச் சிரித்தான். கிழமை நாட்களில் மார்க்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறான், சனி ஞாயிறில் தமிழ்க் கலியாணங்களில் சினிமாப் பாட்டு. இதெல்லாம் நடக்க நான் ஊரில் இருந்துகொண்டு எலெக்ரோனிக்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நிலவறையில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை யூனியன்வில்லில் ஒத்திகை. டிரம்ஸ் அடிக்கிற டேவின் கராஜ்தான் ஒத்திகைக் கொட்டில். நேசன் சாமான்களோடு காலையிலேயே போய்விட்டான், நான் சமைத்துப்போட்டு ரெயினில் வருகிறேன் என்றேன். ஏறி இருந்தது ஞாபகம். கண் விழித்தபோது ரெயின் நகரத்தின் நடுவில், கடைசித் தரிப்பில் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் அப்போது நடுச்சாமம். உடம்பு அந்த மணிக்கூட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. தாதி உடுப்பில் இருந்த ஒரு பிலிப்பீனோப் பெண் என்னைத் திரும்பிப் போகிற ரெயினில் ஏற்றி, தன்னுடைய பணிசில் பாதியைப் பிய்த்துத் தந்து, நித்திரை கொள்ளக்கூடாது என்று விரலை ஆட்டிவிட்டுப் போனாள். நான் பள்ளிக்கூடத்தில் ஆட்டின அதே விரல்.

கராஜுக்குப் போய்ச் சேர ஒத்திகை முடியிற நேரம். கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். நன்றாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தான். திடீரென்று நிறுத்தி, இடது கையைக் கமக்கட்டுக்குள் செருகினான். டேவும், பேஸ் கிற்றார் வாசிக்கிற மார்சியா என்ற ஜமேய்க்காப் பெண்ணும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.  நான் கொண்டுபோன இடியப்பத்தையும் சொதியையும் மூன்று பேரும் சாப்பிட்டு முடித்தார்கள். டேவ் சொதியைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தார். கனடாவில் எனக்குப் பிடித்த முதல் ஆள் அவர்தான்.

வெள்ளிக்கிழமை நேசனின் மனைவி வதனியோடு கோயிலுக்குப் போனேன். எனக்கு அங்கே ஒரு தனி அலுவல் இருந்தது. நேசன் ஏஎல் சோதினை எடுத்த வருடம் புத்தகத்தைத் தொடாமல் கிற்றாரோடு கிடந்தான். நான் இரண்டு கம்பியைக் கழற்றி என் அலுமாரியில் ஒளித்தேன். மிச்ச நாலு கம்பியில் வாசித்தான். ஆத்திரத்தில் பிள்ளையாரிடம் போய், இவனுடைய கிற்றார் நின்றால் பதினொரு தேங்காய் உடைப்பேன் என்று நேர்ந்தேன். கிற்றாரும் நிற்கவில்லை, கணக்கிலும் கோட்டை விட்டான், தேங்காயும் உடைக்கவில்லை. அதை நான் மறந்தே போனேன். நாற்பத்தொரு வருடம் கழித்துப் பிள்ளையார் பழைய கோப்பைத் தூசி தட்டி எடுத்துவிட்டாரோ என்று மனதுக்குள் ஒரு அந்தரம். கண்ணை மூடி, அந்த விண்ணப்பத்தை வாபஸ் வாங்குகிறேன் ஐயனே என்று மூன்று தரம் சொன்னேன். பக்கத்தில் நின்ற வதனிக்கு நான் என்ன கேட்கிறேன் என்று தெரியாது. தெரியாமலே அவளும் அழுதுகொண்டு நின்றாள்.

வெளியில் வந்தால் கனகு அண்ணை நிற்கிறார். எங்கள் ஊர்ச்சங்கத்துத் தலைவர், எழுபது வயது, கழுத்துப்பட்டி கட்டாமல் வெளியில் வராத மனிதர். நாளைக்குச் சங்கத்தில் இருந்து இருபத்திரண்டு பேர் வருகிறார்கள், பொன்னாடையும் கேடயமும் ஆயத்தம், தான் இரண்டு வார்த்தை பேசுவார் என்றார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அது கலியாண மண்டபமில்லை, மதுச்சாலை, சனம் காசு குடுத்துப் பாட்டுக் கேட்க வருகுது, பொன்னாடையும் வேண்டாம் பேச்சும் வேண்டாம் என்றேன். ஒரு பத்து நிமிசம் மட்டும் ரீச்சர் என்றார். பத்துச் செக்கனும் வேண்டாம் என்றேன். ஓம் ரீச்சர் என்று தலையாட்டினார். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் சொல்கிற ஓம் அது. அந்த நேரம் எனக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை. நகரத்துக்குள் ஒரு பழைய செங்கல் கட்டடம். வெளியில் வெயில், ஆனால் காற்று கத்தி. உள்ளே நரைத்த குடுமிக்காரர்களும் அவர்களுடைய மனைவிமாரும் பியரோடு இருந்தார்கள். உருளைக்கிழங்குப் பொரியல் நல்ல மொறுமொறுப்பாக, சூடாக இருந்தது. வதனி ஒரு தட்டு வாங்கித் தந்தாள், எனக்குத்தான் இறங்கவில்லை. மேடை எங்கே இருந்தது தெரியுமோ? வாசல் கதவுக்குப் பக்கத்தில். ஒவ்வொரு தரம் கதவு திறக்கவும் குளிர் நேரே நேசனின் இடது பக்கத்தில் அடிக்கும். நான் ஒரு கதிரையை இழுத்துக் கதவுக்குப் பக்கத்தில் போட்டு இருந்துவிட்டேன். சோதினை மண்டபத்தில் வாசல் காத்த அனுபவம் வீண்போகவில்லை.

நாலு மணிக்குச் சொன்னபடி தொடங்கினார்கள். வதனி வெந்நீர்ப் பையால் ஒத்தி ஒத்திக் கையைச் சூடாக்கித்தான் அனுப்பியிருந்தாள். முதலாவது உருப்படியிலேயே சனம் நிமிர்ந்து இருந்தது. எனக்குச் சங்கீத ஞானம் இல்லை, நான் எண்ணினேன். புளூஸ் என்றால் பன்னிரண்டு கட்டாகச் சுற்றி வரும். மூன்றாவது உருப்படி ஃபியூஷன், ஏழு ஏழாகப் போனது. விரலை மடக்கி எண்ணி, ஏழுக்கு அவன் சரியாக வந்து விழ, எனக்குப் புளுகம் தாங்கவில்லை. இந்தப் பொடியனுக்கோ கணக்கு வராது என்று சொன்னேன்? பக்கத்து மேசைக்காரர் தன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது: இந்த மனுசன் கிற்றாரை அழ வைக்கவில்லை, அதோடு இருந்து கதைக்கிறான்.

அப்போதுதான் எங்கட சனம் வரத் தொடங்கியது. நாலு மணி என்றால் நாலே காலுக்கு வந்து சேருகிற சனம். அதுவும் ஒன்றாக வந்தாலும் பரவாயில்லை. ஒருவர் வருவார், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வெளியில் நிற்கிறவரைக் கூப்பிடுவார், அவர் கார் நிற்பாட்டப் போனவருக்குப் போன் எடுப்பார். மற்றன் றோல்ஸ் அடுக்கின இரண்டு பெரிய தட்டுகள் தூக்கி வந்தவர்களுக்காகக் கதவு அகலத் திறந்தே நின்றது. நான் எழும்பிக் கதவைச் சாத்தினேன், திரும்பத் திறந்தார்கள். சாத்தினேன், திறந்தார்கள். வாயைத் திறக்கவும் ஏலாது, மேடையில் வாசிப்பு நடக்குது. கண்ணாலேயே இருபத்திரண்டு பேரையும் சுட்டெரித்தேன். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாலாவது உருப்படி ஒரு ஆறுதலான புளூஸ். நேசனின் தோள் ஏறுவதைப் பார்த்தேன். சின்ன விரல் கம்பியை விட்டு எழும்ப மறுத்தது. பாட்டின் நடுவில் ஒரு இடம் உண்டு, டிரம்ஸும் பேஸும் சட்டென்று நிற்கும், கிற்றார் மட்டும் தனியே நுழைய வேண்டும். ஒத்திகையில் கேட்டிருக்கிறேன். நின்றார்கள். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கிற்றார் வரவில்லை. நேசன் தன்னுடைய கையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். எட்டு வரைக்கும் எண்ணினேன். மதுச்சாலை முழுக்க அசுமாத்தமில்லை. பிள்ளையாரே, வாபஸ் வாங்கிட்டன் எண்டு நேற்றுத்தானே சொன்னனான் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அந்த அமைதியைப் பாட்டு முடிந்ததாக நினைத்துவிட்டார் கனகு அண்ணை.

எழும்பிக் கை தட்டினார். இருபத்திரண்டு பேரும் தட்டினார்கள். நான் கதிரையை விட்டு எழும்புவதற்குள் மனிதர் மேடையில் நிற்கிறார். கையில் சிவப்பில் சரிகை போட்ட பொன்னாடை, பின்னால் கேடயத்தோடு செயலாளர், போன் பிடித்தபடி படம் எடுக்க மூன்று பேர். பொன்னாடையை உதறி நேசனின் தோளைச் சுற்றி, கிற்றாரையும் சேர்த்து மூடிப் போர்த்தார். ஒலிவாங்கியைப் பிடித்தார். அவையோர்க்கு வணக்கம் என்று தொடங்கினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வெள்ளைக்காரச் சனம் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து ஆவலோடு பார்த்தது. டேவ் ஒரு கணம் யோசித்தார். பிறகு தூரிகை போன்ற குச்சிகளை எடுத்து மெல்ல உரசத் தொடங்கினார். மார்சியாவும் பேஸில் கீழ்ச் சுரத்தைப் பிடித்துக்கொண்டாள். கனகு அண்ணையின் மேடைத் தமிழ் அந்தத் தாளத்தில் ஏறிப் போய்விட்டது. அவர் மூச்சு விடுகிற இடமெல்லாம் ஆரோ ‘யெஸ் சேர்’ என்று சொல்ல, அவருக்கும் உற்சாகம். நேசனின் பிறப்பு, பள்ளிக்கூடம், விமானத்தில் வந்து இறங்கியது என்று ஒன்றையும் விடவில்லை. நான் நேசனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்னாடைக்குள் என்னவோ அசைந்தது. வலது கையால் இடது கையைப் பிசைந்துகொண்டிருக்கிறான். சரிகையும் பட்டும் தடிப்பாய்ச் சுற்றின சூட்டுக்குள் விரல்களுக்கு ஓய்வு. கைப்பயிற்சிப் பெண் சொன்ன பத்து நிமிடம். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு நிமிடம் ஆகியிருந்தது. பேசுங்கோ அண்ணை என்று மனதுக்குள் மன்றாடினேன்.

பேசினார். கடைசியில் பேப்பரை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டு, சாதாரணத் தமிழுக்கு இறங்கினார்.

“வந்த புதுசில ஒரு பேஸ்மென்ற் அறையில நாங்கள் ஆறு பேர். ரெண்டு பேருக்கு இரவு வேலை, பகலிலதான் படுக்கிறது. இவன் குளிக்கிற அறைக்குள்ள இருந்து கிற்றார் பழகுவான். சத்தம் போடாதயடா எண்டு ஏசி, என்ர போர்வையை எடுத்து இவனையும் கிற்றாரையும் சேர்த்து மூடிவிட்டனான். அதுக்குள்ள இருந்து பழகினவன். தம்பி, அண்டைக்கு உன்னை வாசிக்க வேண்டாம் எண்டு போர்த்தது நான். இண்டைக்கு வாசி எண்டு போர்க்கிறன்.”

கழுத்துப்பட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். பதினொரு நிமிடம். நேசன் பொன்னாடையைக் கழற்றவில்லை. தோளில் தள்ளிவிட்டு, டேவைப் பார்த்துத் தலையசைத்தான். டிரம்ஸும் பேஸும் நின்றன. ஒன்று என்று நான் எண்ணினேன், கிற்றார் நுழைந்தது. சின்ன விரல் ஓடுது, மோதிர விரல் ஓடுது. கம்பியை இழுத்து வளைத்தான், சுரம் அழுத்தமாக மேலேறி நின்றது. சனம் எழும்பிவிட்டது. நான் கதவில் சாய்ந்துகொண்டு அழுதேன். அழ வெட்கமாகவும் இல்லை. பதினாலு மாதம் நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கிப் போனது. இடைவேளை வரைக்கும் ஓடினான். இடைவேளையில் வதனி வெந்நீர்ப் பையோடு தயாராக நின்றாள். இரண்டாம் பாதியையும் முடித்தான். மற்றன் றோல்ஸ் இரண்டு தட்டும் மதுச்சாலைக்காரர்களே முடித்தார்கள். ஒரு குடுமிக்காரர் என்னிடம் வந்து, பாட்டின் நடுவில் சால்வை போர்த்துவது உங்கள் நாட்டுப் புளூஸ் முறையா என்று மரியாதையாகக் கேட்டார். ஓம், பழைய முறை என்றேன்.

ஞாயிறு காலை புட்டும் முட்டைப்பொரியலும். நேசன் இடது கையால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினான், நான் பார்க்கவேண்டுமென்றே தூக்கினான். நாலாவது உருப்படியிலேயே கை விட்டதாகத் தானே டேவுக்குச் சொன்னானாம். எங்களுக்கு எப்பவோ தெரியும், நீ சொல்லுமட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றாராம் டேவ். அடுத்த சனிக்கிழமை ஒஷாவாவில் நிகழ்ச்சி. இனி நாலாவது உருப்படியில் கை ஆறுவதென்று மூன்று பேரும் முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் வெறும் இடைவேளையாக விட டேவுக்கு விருப்பமில்லை. அந்தப் பேச்சுக்காரரைக் கூப்பிடட்டாம். நேசன் போனை என் பக்கம் தள்ளினான். வெள்ளிக்கிழமை ஏசினது நான்தானாம். நான்தான் கேட்க வேணுமாம்.

எடுத்தேன். முதல் மணியிலேயே தூக்கினார். நான் ஏசப்போகிறேன் என்று நினைத்திருப்பார் போல. பாட்டு முடிஞ்சுதெண்டு நினைச்சிட்டன் ரீச்சர், மன்னிச்சுக் கொள்ளுங்கோ என்று தொடங்கினார். அதை விடுங்கோ அண்ணை, சனிக்கிழமை ஒஷாவாவுக்கு வாங்கோ, பொன்னாடையையும் கொண்டு வாங்கோ என்றேன். 

“பேச்சு, ரீச்சர்? ஒரு ரெண்டு நிமிசம்...”

“பத்து நிமிசத்துக்கு ஒரு செக்கன் குறைஞ்சாலும் மேடையால இறங்க விடமாட்டன்,” என்றேன். “அதோட, நேரத்துக்கு வாங்கோ அண்ணை. கதவு வாசல்ல நான்தான் இருப்பன்.”